தண்ணீர் பழுக்கும் வரை

சித்திரை 30, செவ்வாய்

சங்கவி இந்த நோட்டைக் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டாள். கோடு போட்ட நோட்டு, நடுவில் நூல் தைத்தது. மீன் தொட்டியைப் பற்றி இதில் நான் தினமும் எழுத வேண்டுமாம். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு ஒரு மாதம் பயிற்சி. எனக்கு வயது எழுபத்தொன்று, படிப்பு ஐந்தாம் வகுப்பு. இருந்தும் என் பேத்திக்கு என்னிடம்தான் ஒப்படைக்கத் தோன்றியிருக்கிறது. அவள் அப்பன் முருகானந்தம் நான் பெற்ற பிள்ளைதான், எதையும் நினைவில் வைக்க மாட்டான். அவள் அம்மா வனிதாவுக்கு நினைவில் வைக்க நேரம் கிடையாது.

மூன்று வருடமாகப் பால்கனியில் உடைந்த நாற்காலிக்கு அடியில் கிடந்த தொட்டி இது. கழுவி ஹாலில் வைத்து, மணல் போட்டு, மோட்டார் மாட்டி, தண்ணீர் நிரப்பியிருக்கிறாள். மீன் இல்லை.

“மீன் எங்கட்டி?” என்றேன்.

“தண்ணி பழுக்கணும் ஆச்சி. புதுத் தண்ணியில மீனை விட்டா செத்துரும். நாலு வாரமாவது ஆகும். தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க, அது அழுகும். அந்த விஷத்தைத் திங்கிற கிருமி இந்தக் கறுப்புப் பஞ்சுல வளரும். அது வளர்ந்தப்புறம்தான் மீன்.”

கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் பிடித்து எட்டுச் சொட்டு மருந்து விட வேண்டும். மஞ்சளாக நின்றால் நல்லது. பச்சை என்றால் விஷம். கரும்பச்சை என்றால் மீன் பிழைக்காது. மூன்று முறை செய்து காட்டினாள். ஒரு முறை போதும் எனக்கு.

வாசலில் செருப்பு மாட்டும்போது, “பஞ்சை மட்டும் கழுவிராதீங்க ஆச்சி, அழுக்கா இருந்தாலும் இருக்கட்டும்” என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். இந்த வீட்டில் என்னைத் தொடுகிறவள் அவள் ஒருத்திதான்.

வைகாசி 1, வியாழன்

மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி போட்டேன். இலேசான பச்சை.

வைகாசி 2, வெள்ளி

வீடு கழுவினேன். விளக்கு துலக்கினேன். மோட்டாரைத் திறந்து பஞ்சை எடுத்துப் பார்த்தால் மூக்குச்சளி மாதிரி வழவழவென்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற வீட்டுக்குள் இப்படி ஓர் அழுக்கா? குழாயைத் திறந்துவிட்டுக் கசக்கிப் பிழிந்து மாட்டினேன். சின்னப் பிள்ளைகள் சோம்பேறித்தனத்துக்கு ஏதாவது காரணம் சொல்லும்.

பச்சை.

வைகாசி 5, திங்கள்

வனிதாவின் அம்மா தமயந்தி டீச்சர் வந்து இறங்கியாயிற்று. செங்கல்பட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கரோடு வந்திருக்கிறார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு உடைந்தாலும் கழுத்து வளையவில்லை.

“அத்தை, அம்மாவால தரையில படுக்க முடியாது. உங்க கட்டில்ல படுக்கட்டுமா? நடக்கிற வரைக்கும்தான்” என்றாள் வனிதா. கேட்கும்போதே என் தலையணையை எடுத்துவிட்டாள்.

ஹாலில் தொட்டிக்குப் பக்கத்தில் எனக்குப் பாய்.

“உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துட்டேனே சம்பந்தி” என்றார் டீச்சர்.

“தொந்தரவு என்ன சம்பந்தி, உங்க மக வீடுதானே. காப்பிக்குச் சீனி எத்தனை கரண்டி போடுதீக?” என்றேன்.

பச்சை.

வைகாசி 6, செவ்வாய்

படுத்தால் மோட்டார் சத்தம் காதுக்குள் ஓடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

இருபத்துநான்கு வருடத்துக்கு முன்னால், தை பன்னிரண்டு, செங்கல்பட்டில் கல்யாண மண்டபம். பையன் வீட்டார் நாங்கள். முதல் பந்தியில் மூன்றாவது இலை என் வீட்டுக்காரருக்கு. உப்பு, கேசரி, வாழைக்காய் வறுவல் எல்லாம் விழுந்துவிட்டது. அவர் இலையில் கை வைத்துவிட்டார். அப்போது இந்தத் தமயந்தி வந்தார். மாம்பழக் கலர்ப் பட்டு, அரக்குக் கரை, தலையில் டிசம்பர் பூ. “சம்பந்தி தப்பா நினைக்கக் கூடாது, என் தம்பி தாசில்தார், வெளியில ஜீப் நிக்குது, நீங்க அடுத்த பந்தியில உக்காரலாமே” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். கை வைத்த இலையிலிருந்து எழுப்பிவிட்டார். அந்தத் தம்பி அதே இலையில், அதே கேசரியைத் தின்றான்.

என் வீட்டுக்காரர் அடுத்த பந்தியில் பாயசம் இரண்டு முறை வாங்கிக் குடித்தார். அவருக்கு ரோஷம் கிடையாது. போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு உண்டு.

வைகாசி 8, வியாழன்

அம்மாவுக்குப் பொழுது போகவில்லை என்று வனிதா தங்க மீன் இரண்டு வாங்கி வந்திருக்கிறாள். விசிறி மாதிரி நீள வால், குண்டு உடம்பு. டீச்சரை நாற்காலியோடு தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, பையைப் பிரித்து மீனை விட்டாள்.

தண்ணீர் பழுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். காலையில்தான் பார்த்திருந்தேன், நல்ல பச்சை. என்னை யாரும் கேட்கவில்லை. ஒருத்தி எம்.ஏ., இன்னொருத்தி எம்.எஸ்ஸி. நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

ஒன்றுக்குத் தலையில் சிவப்புக் கொண்டை. டீச்சர் அதைப் பார்த்துச் சிரித்தார். “அப்படியே என் தம்பி மாதிரி இருக்கு வனிதா. அவனும் இப்படித்தான் கன்னத்தை உப்பிக்கிட்டு ஆபீசுக்குப் போவான். பாவம், போன வருஷம் போயிட்டான்.” அதற்குத் தாசில்தார் என்று பேர் வைத்துவிட்டார்.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வைகாசி 9, வெள்ளி

பஞ்சு கழுவினேன். கரும்பச்சை. மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

“பசிக்குது போல” என்றார் டீச்சர். தீனி டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தேன். மூன்று சிட்டிகை போட்டார்.

வைகாசி 11, ஞாயிறு

கொண்டை இல்லாத மீன் செத்துவிட்டது. டீச்சர் காலைக் காப்பி குடிக்கவில்லை.

“விடுங்க சம்பந்தி. வீட்டுல மீன் செத்தா நல்லதும்பாக. யாருக்கோ வந்த கண்டம் அதோட போயிரும். உங்க இடுப்போட நிக்காம வேற எதுவோ வந்திருக்கு, அது தாங்கிக்கிட்டுப் போயிட்டுது” என்றேன்.

“எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லைங்க. ஆனா கேக்க நல்லா இருக்கு” என்று என் கையைப் பிடித்தார். குளிர்ந்த கை. சோப்பு வாசனை. கையை மெதுவாக உருவிக்கொண்டேன்.

தாசில்தார் உயிரோடு இருக்கிறது.

வைகாசி 13, செவ்வாய்

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பால்கனியில் வனிதாவும் முருகானந்தமும். எனக்குக் காது மந்தம் என்பது அவர்களாகவே வைத்துக்கொண்ட நம்பிக்கை.

“அம்மாவைத் திரும்ப அங்க தனியா விட முடியாதுங்க. இங்கேயே இருக்கட்டும். இருக்கிறது ஒரு ரூம். அத்தை வேணா சாத்தூர்ல உங்க தங்கச்சி வீட்டுல இருக்கட்டுமே. அவங்களுக்கு ஊர்ப்பக்கம்தானே பிடிக்கும்.”

 “சங்கவி வரட்டும், பேசிக்கலாம்” என்றான் முருகானந்தம்.

மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைத்தான் நான் கேட்டேன்.

சாத்தூரில் என் மகள் வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியும். மருமகன் தட்டைக் கழுவித் திருப்பி வைத்த பிறகுதான் எனக்குச் சோறு.

வைகாசி 14, புதன்

கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். இந்தக் கொளத்தூரில் தெருவுக்குத் தெரு மீன் கடை. ஒரு கடையில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். உடம்பில் கறுப்புக் கோடு போட்ட குட்டி மீன்கள் ஒரு தொட்டியில் துரத்திக்கொண்டு ஓடின. புலி மீன் என்று எழுதியிருந்தது.

“இதுல அஞ்சு குடும்மா.”

“ஆயா, ஊட்ல வேற இன்னா மீனு கீது?”

“தங்க மீனு ஒண்ணு.”

“ஐயோ, அதுகூட வுடாத ஆயா. வாலு நீளமா கீறத பாத்தா இதுங்க சும்மா இருக்காது. கடிச்சுக் கடிச்சே கொன்னுடும். ஒரே அடியா கூட சாவடிக்காது, அணு அணுவா. வோணாம், கப்பி மீனு தர்றேன், எத்துனு போ.”

“என்னத்தா சொல்லுதே? எனக்குக் காது மந்தம்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஐந்தைப் பிடித்துப் பையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்து, “தாசில்தாருக்குத் துணை வேணுமில்ல சம்பந்தி” என்று தொட்டியில் விட்டேன். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. “இவ்வளவு வெயில்ல எனக்காகவா போனீங்க?” என்றார்.

வைகாசி 16, வெள்ளி

பஞ்சு கழுவினேன். கரும்பச்சை. புலிகளுக்குக் கவலையில்லை.

வைகாசி 17, சனி

தொடங்கிவிட்டது. ஒன்று வந்து வால் நுனியைக் கடிக்கும், தாசில்தார் திரும்பும். திரும்பி முடிப்பதற்குள் பின்னால் இன்னொன்று. குண்டு உடம்பு, வேகமில்லை. மூலைக்குப் போய் முகத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

வனிதா காலையில் வேலைக்குப் போகும்போது அம்மாவைத் தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டுப் போகிறாள். பொழுது போக வேண்டுமே. வாக்கரை அவள் அந்தப் பக்கச் சுவரோரம் சாய்த்து வைத்துவிடுவாள். சாயங்காலம்வரை டீச்சர் அந்த நாற்காலிதான். வேறு எங்கே பார்ப்பார்?

“சம்பந்தி, கடிக்குது பாருங்க. வலை இருக்குமே, அதை மட்டும் எடுத்துத் தனியா ஒரு பாத்திரத்துல விடுங்களேன்.”

“வலை எங்க கிடக்குன்னு தெரியலையே சம்பந்தி. சங்கவி எங்க வச்சாளோ.”

“கரண்டியால...”

“சோறு பரிமாறுற கரண்டியையா மீன் தொட்டியில விடச் சொல்லுதீக?”

அதற்குமேல் கேட்கவில்லை. என் தலையணை கொஞ்சம் மேடாக இருக்கிறது. கழுத்துக்கு நல்லதுதான்.

வைகாசி 19, திங்கள்

வாலில் பாதி இல்லை. இரண்டு பக்கத் துடுப்பும் நார் நாராகத் தொங்குகிறது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “தூங்குதீகளா சம்பந்தி? இங்க பாருங்க, உங்க தம்பி நீச்சலடிக்க முடியாம கவுந்து கவுந்து எந்திரிக்காரு” என்று எழுப்பினேன்.

சாயங்காலம் வனிதா பார்த்துவிட்டு, “இந்தத் தொட்டிக்கே ராசி கிடையாது. மூணு வருஷத்துக்கு முன்னால கரண்ட் போய் ஒரே நாள்ல பன்னெண்டு மீனும் செத்துச்சே” என்றாள்.

கரண்ட் போகவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் முருகானந்தம், “உனக்கு என்னம்மா தெரியும், சும்மா உக்காரு” என்றான். அந்தத் தொட்டி அவன் உயிர். எல்லோரும் வெளியே போன பிறகு மோட்டார் சுவிட்சைப் பார்த்தேன். என் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் வைத்திருந்தான். அவர்கள் வருவதற்குள் திரும்பப் போட்டுவிட்டேன்.

சங்கவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதை மட்டும் நான் நினைத்துப் பார்க்காமல் செய்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன். தைத்த நோட்டு. இதைக் கிழித்தால் இதற்கு ஜோடியாக அந்தப் பக்கம் இருக்கும் தாளும் கழன்று வரும். அதில் பச்சை, கரும்பச்சை எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. ஒரு தாளைக் காணோம் என்றாலும் பேத்தி கேட்பாள். அவள் வருவதற்குள் வேறு நோட்டில் பார்த்து எழுதிவிட வேண்டும். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

வைகாசி 21, புதன்

மத்தியானம் தாசில்தார் செத்தது. உடனே சாகவில்லை. பக்கவாட்டில் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் செவுள் அசைந்தது. உயிரோடு இருக்கும்போதே கண்ணைத் தின்ன ஆரம்பித்துவிட்டன.

டீச்சர் எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்து, வாக்கர் எட்டாமல், மறுபடி உட்கார்ந்தார். இரண்டு முறை. அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்தேன்.

“இன்னொரு கண்டமும் போச்சு சம்பந்தி” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 

வைகாசி 23, வெள்ளி

டீச்சர் கிளம்புகிறார். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லமாம், கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவர் அங்கே இருக்கிறாராம். நேற்று போனில் பேசி அவரே முடிவு செய்துவிட்டார். வனிதா அழுதாள், கத்தினாள். “யாராவது ஏதாவது சொன்னாங்களாம்மா?” என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “யாரும் ஒண்ணும் சொல்லலை. சம்பந்தி என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்கினாங்க” என்றார்.

கார் வருவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் தனியாக இருந்தோம்.

“வலை உங்க தலகாணிக்கு அடியில இருந்துச்சு. முதல் நாளே பார்த்தேன்” என்றார்.

 “மகள்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“சொல்லி? நாளைக்கு அவ உங்க முகத்துல முழிக்கணும், நீங்க அவ போடற சோத்தைச் சாப்பிடணும். நான் முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடம் நடத்தினவ. எந்த ரெண்டு பேரை ஒரே பெஞ்சுல உக்கார வைக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் கேக்கறேன். நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?”

இருபத்துநான்கு வருடம் நான் காத்திருந்த கேள்வி. எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது இலை, கேசரி, ஜீப், டிசம்பர் பூ. ஒன்றையும் விடவில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பொய்யாக யோசிப்பவர்களை எனக்குத் தெரியும்.

“அப்படியா நடந்துச்சு? எனக்குச் சுத்தமா நினைவில்லையே சம்பந்தி. அன்னைக்கு எத்தனை பேரை எழுப்பி எத்தனை பேரை உக்கார வச்சேனோ. நடந்திருந்தா மன்னிச்சுடுங்க.”

நடந்திருந்தாலாம்.

கார் வந்துவிட்டது. மாடிப்படியில் இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். நான் பஞ்சு கழுவப் போனேன். வெகுநேரம் கழுவினேன்.

வைகாசி 24, சனி

கட்டில் எனக்கு. தூக்கம் வரவில்லை. மெத்தையில் அந்தச் சோப்பு வாசனை.

வைகாசி 27, செவ்வாய்

வனிதா என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போகிறாள். மூடிவைக்கிறாள், மரியாதையாகத்தான்.

புலிகளுக்குக் கடிக்க வேறு ஆள் இல்லை. ஒன்றையொன்று கடிக்கின்றன. ஐந்து இருந்தது, இன்றைக்கு நான்கு.

வைகாசி 28, புதன்

மூன்று. கரும்பச்சை.

வைகாசி 29, வியாழன்

சங்கவி இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். டீச்சர் போன விஷயம் கேள்விப்பட்டு அழுத கண்ணோடு வந்தாள். நான் புது நோட்டு இன்னும் வாங்கவே இல்லை.

அவளுக்குப் பிடிக்குமென்று பருப்பு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சி சத்தத்தில் கவனிக்கவில்லை. வடைத் தட்டோடு வந்தால், தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நோட்டைப் படித்துக்கொண்டிருக்கிறாள். முக்கால்வாசி முடித்திருந்தாள். பிடுங்கத் தோன்றியது. கையில் வடை.

கடைசிப் பக்கம்வரை படித்தாள். மூடி என்னிடம் கொடுத்தாள்.

“பன்னெண்டு மீனும் செத்த அன்னைக்கு உங்க மடியிலதான் படுத்து அழுதேன் ஆச்சி. நினைவிருக்கா?”

நினைவில்லாமல் என்ன. மஞ்சள் நைட்டி. தலை ஈரம் காயவில்லை, என் சேலையெல்லாம் நனைந்தது. “ஏன் ஆச்சி செத்துச்சு, ஏன் ஆச்சி” என்று கேட்டாள். தட்டிக்கொடுத்துக்கொண்டே, “கண்டம் கழிஞ்சுதுன்னு நினைச்சுக்கோ தங்கம்” என்றேன்.

“இருக்கு” என்றேன்.

வடையைத் தொடவில்லை.

வைகாசி 30, வெள்ளி

சங்கவி பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. மதுராந்தகம் போகிறாள். அங்கிருந்து திரும்பக் கோயம்புத்தூர், அந்தக் கம்பெனியிலேயே வேலை கொடுத்துவிட்டார்களாம். முருகானந்தம் தடுத்துப் பார்த்தான். என்ன காரணம் என்று அவனிடமும் அவள் அம்மாவிடமும் அவள் சொல்லவில்லை. டீச்சர் மாதிரியே.

வாசலில் நான் நின்றேன். கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்றுதான் எழுத வேண்டும்.

“உங்க விஷயம் எல்லாம் விடுங்க. பஞ்சைக் கழுவாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? அந்த அழுக்குதான் ஆச்சி விஷத்தைத் தின்னும். வாரா வாரம் அதைக் கழுவிக் கழுவிக் கொன்னிருக்கீங்க. இல்லைன்னா தண்ணி என்னைக்கோ பழுத்திருக்கும்.”

“இனிமே கழுவலை தங்கம். தினமும் எழுதி வைக்கேன். நீ வந்து பாரு.”

“எழுதுங்க” என்றாள். செருப்பு மாட்டி முடித்து நிமிர்ந்தாள். “நான் படிக்க மாட்டேன்.”

ஆனி 6, வெள்ளி

பஞ்சைத் தொடவில்லை. பச்சை. மீன் இரண்டு.

ஆனி 13, வெள்ளி

பஞ்சைத் தொடவில்லை. இலேசான பச்சை. மீன் ஒன்று.

ஆனி 20, வெள்ளி

மஞ்சள்.

மூன்று முறை பார்த்தேன். வெளிச்சத்தில் கொண்டுபோய், மருந்தோடு வந்த கலர் அட்டையோடு ஒட்டவைத்துப் பார்த்தேன். சுத்த மஞ்சள். தண்ணீர் பழுத்துவிட்டது. சங்கவி போன் பண்ணும்போது சொல்லலாம் என்று வனிதாவின் பக்கத்திலேயே நின்றேன். பேசி முடித்து வைத்துவிட்டாள்.

“ஆச்சியைக் கேட்டாளா?”

“இல்லை அத்தை.”

அந்த ஒரு புலி தொட்டி முழுவதும் தனியாகச் சுற்றுகிறது. நான் பக்கத்தில் போனால் கண்ணாடிக்கு வந்து நிற்கிறது. துடுப்பில் ஒரு கிழிசல் இல்லை. நன்றாகத் தின்கிறது. மீன் செத்தால் வீட்டில் யாருக்கோ வந்த கண்டம் அதோடு போகும் என்பார்கள். இது சாகிற மாதிரி தெரியவில்லை.